தொழில் நொடிக்கும்போது கடையில் உள்ள சொத்தை என்ன செய்வது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. லாபத்தில் ஓடும் கடையின் கணக்கை யாரும் எழுதிவிடலாம். மூழ்கிக்கொண்டிருக்கும் தொழிலின் முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவதுதான் கஷ்டம். அப்படி உட்கார்ந்த நாட்களில் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. கடனை அடைக்க முடியாது என்று உங்களுக்கே தெரிந்துவிட்ட நாளிலிருந்து, கடையில் இருக்கும் பொருளுக்கு நீங்கள் காவல்காரர். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அதிலிருந்துதான் வருகின்றன.

திவால் நிலைக்கு வந்துவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டம் பொதுவாக இரண்டு கேள்வி கேட்கும். கெடு வந்த பாக்கியைக் கெடு நாளில் கட்ட முடிகிறதா? இருப்பதையெல்லாம் விற்றால் எல்லாக் கடனும் அடையுமா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலே கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நடைமுறையில் அதற்கு முன்பே அறிகுறி தெரியும். செக்கைக் கொடுத்துவிட்டு, "இந்த வாரம் போட்டுடாதீங்க" என்று போன் செய்வீர்கள். ஒரு சப்ளையருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் கைமாற்று வாங்குவீர்கள். அரசுக்குக் கட்ட வேண்டிய வரிப் பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்புவீர்கள். இதெல்லாம் நடக்க ஆரம்பித்தபின், "அடுத்த மாதம் சரியாகிவிடும்" என்று புதிதாகச் சரக்கைக் கடனுக்கு எடுக்காதீர்கள். மீள வழியில்லை என்று தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், தொழிலைத் தொடர்ந்து நடத்தி நஷ்டத்தைப் பெருக்கிய இயக்குநரின் சொந்தப் பையிலிருந்தே பணம் வாங்க பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுத் திவால் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போன்ற பிரிவு இருக்கிறது.

சரி, முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

பட்டியல் போடுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும் முன்பே போட்டுவிடுங்கள்.

கணினியில் இருக்கும் ஸ்டாக் பட்டியலை அப்படியே அச்செடுத்தால் போதாது. கையில் ஒரு நோட்டு, சாக்பீஸ், போன் கேமரா. கூட ஒரு ஆள், குடும்பத்துக்கு வெளியே இருப்பவராக இருந்தால் நல்லது. குடோனின் ஒரு மூலையில் தொடங்கி, எண்ணி முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள். வெளியே நாற்பத்தெட்டு என்று எழுதியிருக்கும், உள்ளே முப்பது இருக்கும். அடியில் கிடக்கும் பெட்டி ஈரம் குடித்து உப்பியிருக்கும். இயந்திரம் என்றால் அதன் மேல் அடித்திருக்கும் தகட்டில் உள்ள வரிசை எண்ணைப் படமெடுங்கள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சொத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கட்டட உரிமையாளரிடம் இருக்கும் முன்பணம், மின் இணைப்புக்குக் கட்டிய வைப்புத்தொகை, திரும்பி வர வேண்டிய வரி, பாதியில் ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் காப்பீட்டுப் பணம், கடையின் பெயர், இணைய முகவரி, பல வருடமாக ஊருக்கே தெரிந்த தொலைபேசி எண். இவையெல்லாம் விலை போகும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பு எழுதுங்கள்: புத்தகத்தில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பு, நிதானமாக விற்றால் கிடைப்பது, அவசர ஏலத்தில் கிடைப்பது. மூன்றாவது எண் வயிற்றைக் கலக்கும். பரவாயில்லை, எழுதுங்கள். எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அந்த எண்தான் அடித்தளம்.

கடைக்குள் இருப்பதெல்லாம் கடையின் சொத்துதானே?

இல்லை. இங்கேதான் நல்ல மனிதர்களும் தவறிவிடுகிறார்கள். பழுது பார்க்க வாடிக்கையாளர் விட்டுச் சென்ற பொருள் அவருடையது. விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று வாங்கி வைத்த சரக்கு, ஒப்பந்தம் அப்படிச் சொன்னால், கொடுத்தவருடையது. லீஸில் எடுத்த நகல் இயந்திரம் லீஸ் கம்பெனியுடையது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த சேமநிதிப் பணமும், வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரியும் உங்கள் கல்லாவில் கிடந்தாலும் உங்கள் பணமில்லை. இந்தக் கடைசி இரண்டையும் எடுத்துச் செலவழித்தால், கம்பெனி என்ற போர்வை பல நாடுகளில் உங்களைக் காப்பாற்றாது.

இவற்றைத் தனியே ஒரு மூலைக்கு நகர்த்தி, யாருடையது என்று சீட்டு ஒட்டி வையுங்கள். வாடிக்கையாளரின் பழுது பார்த்த பொருளைக் கூலி வாங்கிக்கொண்டு சீக்கிரம் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கடையைப் பூட்டி சீல் வைத்தபின் அவர் தன் பொருளுக்காக அலைய வேண்டியிருக்கும்.

இயந்திரத்தை மைத்துனர் பெயருக்கோ வீட்டை மனைவி பெயருக்கோ மாற்றி வைத்தால் என்ன?

எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்" என்று ஊர் சொல்லும் சொல்லில் இருக்கும் ஏளனம் பயங்கரமானது. இருபது வருட உழைப்பில் ஒரு துண்டையாவது ஒளித்து வைக்க வேண்டும் என்ற தவிப்பு அந்த அவமானத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் செய்யாதீர்கள். பிடிபடும். நான் நேரில் பார்த்த ஓர் அச்சகத்தில், காகிதம் வெட்டும் இயந்திரத்தை இரவோடு இரவாக ஒரு சின்ன வண்டியில் ஏற்றி உறவினரின் ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "அது போன வருடமே விற்றாச்சு" என்றார் முதலாளி. மதிப்பிட வந்தவர் பதிலே சொல்லாமல் தரையைப் பார்த்தார். சுற்றிலும் மையும் எண்ணெயும் படிந்த கறுத்த தரை. நடுவில் மட்டும் இயந்திரத்தின் அளவுக்கு வெளுத்த ஒரு செவ்வகம், நான்கு மூலையிலும் போல்ட் துளைகள், ஒரு துளையின் ஓரத்தில் புதிதாக உடைந்த சிமெண்ட் தூள். அதற்குப் பிறகு அந்த முதலாளி சொன்ன எந்த உண்மையையும் யாரும் நம்பவில்லை. அந்த இயந்திரத்தைவிட அந்த நம்பிக்கையின் விலை அதிகம். கடன் கொடுத்தவர்கள் தவணை தருவதும் வட்டியை விடுவதும் அதை வைத்துத்தான்.

இந்தத் தந்திரம் மிகப் பழையது, அதைப் பிடிக்கும் வழியும் பழையது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றச் செய்யும் சொத்து மாற்றம் செல்லாது என்று இங்கிலாந்தில் 1571இலேயே சட்டம் வந்தது. 1601ஆம் ஆண்டு ட்வைன் வழக்கில் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். பியர்ஸ் என்பவர் ட்வைனுக்கு 400 பவுண்டும் இன்னொருவருக்கு 200 பவுண்டும் தர வேண்டியிருந்தது. 200 பவுண்டுக்காரர் வழக்குப் போட்டதும், பியர்ஸ் தன் பொருள் முழுவதையும் ரகசியமாக ட்வைனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆடுகள் அவரிடமே நின்றன. அவரே கம்பளி கத்தரித்தார், தன் அடையாளத்தையே ஆடுகள்மேல் போட்டார். ரகசியமாகச் செய்தது, வழக்கு நடக்கும்போது செய்தது, எதையும் விடாமல் எல்லாவற்றையும் கொடுத்தது, கொடுத்தபின்னும் தானே வைத்து அனுபவித்தது – இவையெல்லாம் மோசடியின் அடையாளங்கள் என்றது நீதிமன்றம். 'இது நேர்மையாகச் செய்யப்பட்டது' என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்ததையும் சந்தேகத்துக்கு ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. நானூறு வருடத்துக்குப் பிறகும், திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரிகள் அதே அடையாளங்களைத்தான் தேடுகிறார்கள்.

விலை வாங்காமலோ அடிமாட்டு விலைக்கோ மாற்றிய சொத்தை, அமெரிக்கச் சட்டப்படி திவால் மனு போட்டதற்கு முந்தைய 2 ஆண்டுகள் வரை தோண்டி எடுக்கலாம். பிரிட்டனில் கம்பெனிகளுக்கு 2 ஆண்டு, தனி ஆளுக்கு 5 ஆண்டு வரை. ஏமாற்றும் நோக்கம் நிரூபணமானால் அதற்கும் முன்னால் போக முடியும். சொத்தை வாங்கி வைத்த உறவினரும் வழக்கில் இழுபடுவார். உங்களுக்கு உதவ வந்தவரைப் பிரதிவாதி ஆக்காதீர்கள்.

ஏற்கெனவே மாற்றிவிட்டேனே?

இன்றைக்கே வழக்கறிஞரிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். பொருளைத் திரும்ப எழுதி வாங்க முடிந்தால் வாங்கி, பட்டியலில் சேருங்கள். நீங்களாகச் சொன்னதும், அவர்கள் கண்டுபிடித்ததும் ஒரே செயலாக இருந்தாலும் நீதிமன்றத்தில் ஒரே எடையில் நிற்காது.

கஷ்டத்தில் கைகொடுத்த மாமாவின் கடனை மட்டுமாவது முதலில் அடைத்துவிடலாமா?

மனசு அப்படித்தான் சொல்லும். வங்கி தாங்கிக்கொள்ளும், மாமா ஓய்வுக்கால பணத்தைக் கொடுத்திருக்கிறார். ஆனால் சட்டம் இதை 'முன்னுரிமை காட்டியது' என்று பார்க்கிறது. எல்லோருக்கும் பங்கு போக வேண்டியதை ஒருவருக்கு மட்டும் கொடுத்தது என்று கணக்கு. அமெரிக்காவில் மனுவுக்கு முந்தைய 90 நாட்களில் கொடுத்தவை இதில் அடங்கும். உறவினர் போன்ற நெருங்கியவர் என்றால் ஓராண்டு. பிரிட்டனில் 6 மாதம், நெருங்கியவருக்கு 2 ஆண்டு. இந்தியாவில் கம்பெனிகளுக்கு ஓராண்டு, தொடர்புடையவருக்கு 2 ஆண்டு. எல்லா இடத்திலும் சொந்தக்காரருக்குத்தான் நீண்ட காலம், பாருங்கள். மாமா வாங்கிச் செலவழித்த பணத்தை அதிகாரி மாமாவிடமே திரும்பக் கேட்பார். அவர் மேல் உண்மையான அக்கறை இருந்தால், அவர் பெயரையும் தொகையையும் கடன் பட்டியலில் சரியாக எழுதுங்கள். அவருக்கும் பங்கு வரும்.

தினசரி ஓட்டத்துக்கான மின்கட்டணமும், சரக்கைப் பெற்றுக்கொண்டு அப்போதே கொடுக்கும் ரொக்கமும் பெரும்பாலும் இந்தச் சிக்கலில் வராது.

அப்படியென்றால் எதையுமே விற்கக் கூடாதா?

விற்கலாம். சொல்லப்போனால் சில பொருளை உடனே விற்றாக வேண்டும். கெட்டுப்போகும் சரக்கு, பருவம் முடிந்தால் யாரும் சீண்டாத சரக்கு, வைத்திருக்க மாதா மாதம் வாடகை தின்னும் பொருள் – இவற்றை வைத்துக்கொண்டு காத்திருந்தால் கடன் கொடுத்தவர்களுக்கே நஷ்டம்.

விற்கும் விதத்தில்தான் விஷயம். குறைந்தது இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பெரிய இயந்திரம் என்றால் வெளியாள் ஒருவரின் மதிப்பீடு வாங்குங்கள். பணம் தொழிலின் வங்கிக் கணக்கிலேயே விழ வேண்டும், ரொக்கம் வேண்டாம். பில்லும், நீங்கள் ஏற்காத மற்ற விலைக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். 'ஏன் இவருக்கு இந்த விலைக்குக் கொடுத்தாய்' என்று இரண்டு வருடம் கழித்து முகம் தெரியாத ஒருவர் கேட்பார், அந்தக் கோப்பு உங்களுக்காகப் பேசும்.

முடிந்தால் தொழிலை உயிரோடு விற்கப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு ஆட்கள், வாடிக்கையாளர், பெயர் எல்லாம் சேர்ந்து ஒரு விலை உண்டு. பூட்டிய பட்டறையில் இரும்பை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். அதனால்தான் சீக்கிரம் பேசுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். கடைசி மாதத்தில் வருபவருக்கு இந்த வாசல் மூடியிருக்கும்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் பெயர், எண் பட்டியலைத் தனியாக விற்கும் முன் அவர்களுக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். 2015இல் திவாலான அமெரிக்காவின் ரேடியோஷாக் நிறுவனம் வாடிக்கையாளர் தகவலை விற்க முயன்றபோது, 'விற்க மாட்டோம்' என்று முன்பு சொன்னதைக் காட்டி பல மாநில அரசுகள் எதிர்த்தன. கடைசியில் மிகக் குறைவான தகவலே கைமாறியது.

வங்கிக்கு அடமானமாக இருக்கும் இயந்திரத்தை விற்கலாமா?

வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது. பல நாடுகளில் அது குற்றவழக்கு வரை போகும். வங்கியிடம் நேராகப் போய், 'ஏலத்தில் இவ்வளவு வரும், நானே ஆள் பார்த்து விற்றால் இவ்வளவு வரும்' என்று இரண்டு எண்ணையும் காட்டுங்கள். கூடுதலாக வரும் என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

கடன் பாக்கி உள்ள அதே வங்கியில்தான் நடப்புக் கணக்கும் இருக்கிறதா? அதில் விழும் பணத்தைக் கடனுக்கு ஈடாக வங்கி எடுத்துக்கொள்ளும் உரிமை பொதுவாக உண்டு. சம்பளப் பணம் ஒரே நாளில் காணாமல் போன சம்பவங்கள் உண்டு. மாற்று ஏற்பாட்டை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, வழக்கறிஞரின் யோசனையோடு வெளிப்படையாகச் செய்யுங்கள்.

தனி ஆள் நடத்தும் கடைக்கும் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?

தனி உடைமையில் கடையின் கடன் உங்கள் கடன். வீடும் நகையும் கணக்கில் வரும். கூட்டாண்மையிலும் ஏறக்குறைய அதேதான், பங்காளி வாங்கிய கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. கம்பெனி என்றால் கடன் கம்பெனியோடு நிற்கும் என்பது பேச்சு. சிறு கம்பெனிகளில் வங்கி பெரும்பாலும் முதலாளியிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கியிருக்கும். கடன் வாங்கிய நாளில் கையெழுத்திட்ட கட்டைத் தேடி எடுத்து, ஒவ்வொரு தாளாகப் படியுங்கள். மனைவியோ அப்பாவோ கையெழுத்திட்ட தாளும் அதில் இருக்கலாம். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் வந்து தெரிந்துகொள்வது கொடுமை.

ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துப் போட்டால் தொழில் பிழைக்காதா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கெஞ்சியே பதில் சொல்வேன்: தயவுசெய்து எடுக்காதீர்கள். பல நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட ஓய்வூதிய நிதியைக் கடன் கொடுத்தவர்கள் தொட முடியாது. இந்தியாவில் ஊழியர் வருங்கால வைப்புநிதிக்கும், அமெரிக்காவில் நிறுவன ஓய்வூதியத் திட்டங்களுக்கும், பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற ஓய்வூதியங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதை உடைத்துக் கடைக்குள் போட்ட மறுநிமிடம் பாதுகாப்பு போய்விடும். மூன்று மாதம் கூடுதலாக மூச்சு விடுவீர்கள், அறுபது வயதில் கையில் ஒன்றும் இருக்காது. இதைச் செய்துவிட்டு என் முன்னால் அழுதவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்களா?

மாட்டார்கள். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்குகிறது. பிரிட்டனிலும் பிழைப்புக்குத் தேவையான கருவி, புத்தகம், வாகனம், வீட்டின் அடிப்படைப் பொருட்கள் விலக்கு. அமெரிக்காவில் ஒரு தொகை வரம்பு வரை தொழில் கருவிக்கு விலக்கு உண்டு. தையல்காரரின் தையல் இயந்திரத்தை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் காட்டி விலக்குக் கேட்டால் போதும். இது தெரியாமல் ஒளித்து, கிடைக்க வேண்டிய சலுகையையும் இழந்தவர்கள் உண்டு.

ஊழியர்களுக்குச் சம்பள பாக்கி இருக்கிறது. அவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பெரும்பாலான நாடுகளில் மற்ற சாதாரணக் கடன்களுக்கு முன்னால் அவர்கள் நிற்கிறார்கள். இந்தியாவில் கம்பெனி கலைக்கப்படும்போது நடைமுறைச் செலவு போக, தொழிலாளர்களின் 24 மாதச் சம்பள பாக்கி, அடமான உரிமையை விட்டுக்கொடுத்த, கடன் கொடுத்தவருக்குச் சமமாக வரும். அடுத்த படியில் மற்ற ஊழியர்களின் 12 மாத பாக்கி. அதனால் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பேரேட்டையும் கண்போலக் காப்பாற்றுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அவர்களால் எதையும் நிரூபிக்க முடியாது. சம்பளத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு பொருளைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லாதீர்கள், அது அவர்களைத்தான் சிக்க வைக்கும்.

வெளியே வர வேண்டிய பாக்கியை யாரும் தர மாட்டேன் என்கிறார்களே?

தொழில் தள்ளாடுகிறது என்ற வாடை பட்டாலே பாக்கிக்காரர்கள் காலம் கடத்துவார்கள். அதனால் செய்தி பரவும் முன் வசூலை முடுக்குங்கள். பாதிக்குப் பேரம் பேசி முடிக்கும் முன் அவர்களின் பாக்கி ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் பதிலாவது இருக்கட்டும். வழக்குக்குக் கால வரம்பு உண்டு, பழைய பாக்கியை முதலில் பாருங்கள்.

கடையைப் பூட்டிவிட்டேன். இனி ஒன்றும் இல்லையே?

காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குப் பல காப்பீடுகளில் தனி நிபந்தனை இருக்கும், நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மின்சாரத்தை அணைக்கும் முன் கணக்கு இருக்கும் கணினியின் தரவை இரண்டு பிரதி எடுங்கள். மாதக் கட்டணம் நின்றால் இணையத்தில் இருக்கும் கணக்கு மென்பொருள் உங்களை உள்ளே விடாது.

அதிகாரியிடம் ஒப்படைக்கும் நாளில் எடுத்துப் போக வேண்டியவை: எல்லாச் சாவிகளும், எது எந்தப் பூட்டுக்கு என்று எழுதிய சீட்டோடு, கையெழுத்திட்ட சரக்கு நோட்டு, பேரேடு, பில், வங்கி அறிக்கைகள், மற்றவர்களுக்குச் சொந்தமான பொருட்களின் தனிப் பட்டியல், கடவுச்சொற்கள், கடைசி ஓராண்டில் விற்றவற்றின் விலைக் கோப்பு. இரண்டு பிரதியில் ஒரு பட்டியல் எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு அவர் கையெழுத்தையும் தேதியையும் வாங்கி உங்களோடு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.